டப்பா அக்காவும் பத்தொன்பது அம்புகளும்

காலை எட்டரைக்கு மணி அடித்ததும் அந்தச் சட்டைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் அறுபது தையல் மெஷின்களும் ஒன்றாக உறுமத் தொடங்கும். அந்த உறுமலுக்கும் மேலே ஒரு குரல் கேட்கும். அது லைன் சூப்பர்வைசரின் குரல். வயது நாற்பத்தெட்டு. ஆள் ஐந்தடிகூட இல்லை, குரல் மட்டும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் டப்பா அக்கா.

டப்பா என்பது அவள் மேசை இழுப்பறையில் இருந்த வட்டமான பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் வலி மாத்திரைகள் அட்டை அட்டையாக இருக்கும். லைனில் யாராவது நெற்றியைத் தடவினால் போதும், டப்பா திறந்துவிடும். "என்னடி, தலைவலியா? இந்தா போட்டுக்கோ. பத்து நிமிஷத்துல பறந்துடும்" என்பாள். மாத்திரைகளைத் தன் கைக்காசில்தான் வாங்கி வைப்பாள். நல்ல மனசுக்காரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவளுக்குப் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தலைவலி வந்ததில்லை. கழுத்துக்கு மேல் தலை என்று ஒன்று இருப்பதே, வாரவேண்டி வரும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

லைனின் கடைசியில் மூன்று செக்கிங் மேசைகள். தைத்து முடித்த சட்டைகள் அங்கேதான் வந்து சேரும். செக்கர் ஒவ்வொரு சட்டையையும் விரித்து காலர், கை, பாக்கெட், கீழ் மடிப்பு என்று பார்ப்பாள். எங்கே பழுது இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். மூன்றாம் மேசைக்காரிக்குக் கழுகுக்கண் என்று பெயர். மற்றவர்கள் காலரைப் புரட்டுவதற்குள், விட்டுப்போன ஒற்றைத் தையலைக் கண்டுபிடித்து அம்பு ஒட்டிவிடுவாள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் டப்பா அக்கா அவர்களை நேராக மூன்றாம் மேசைக்குத்தான் கூட்டிப் போவாள். தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அவ்வளவு பெருமை.

டப்பா அக்காவிடம் ஒரு வேலைமுறை உண்டு. லைனில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். "ஒரே பழுது ரெண்டு தடவை வந்தா துணியைத் திட்டாதே. லைன்ல மேலே போ." அதாவது, பத்துச் சட்டையில் ஒரே இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால், கறைபட்ட சட்டையைத் தூக்கி வீசிப் பயனில்லை. செக்கிங் மேசையிலிருந்து பின்னோக்கி நடந்து, மெஷின் மெஷினாகப் பார்த்து, எண்ணெய் ஒழுகும் மெஷினைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் அதை எழுத வேண்டும். இருபது வருடமாக அவள் அந்தக் கட்டத்தைத் தவறாக நிரப்பியதில்லை.

அப்படிப்பட்டவள்தான் கழுகுக்கண் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

போன வருடம் வரைக்கும் கழுகுக்கண்ணுக்கு மாதத்தில் நாலைந்து நாள் தலைவலி வரும். வந்தால் டப்பாவிலிருந்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். இந்த வருடம் ஏனோ அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. காலையில் வந்ததுமே ஒரு மாத்திரை, மதியம் ஒன்று. சில நாள் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, துணிக் கிடங்கின் இருட்டு மூலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லீவும் கூடியது. டப்பா அக்கா முதலில் பரிதாபப்பட்டாள், பிறகு அலுத்துக்கொண்டாள், கடைசியில் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

"ஒரு மாத்திரையில போற தலைவலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உலகத்துல யாருக்கும் வராததா இவளுக்கு வந்துடுச்சு?" என்று மற்றவர்களிடம் சொல்லவும் தொடங்கினாள்.

ஒருநாள் கழுகுக்கண் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். "அக்கா, கண்ணு முன்னால தையல் ஓடுதுக்கா."

"தையல் கம்பெனியில தையல் ஓடாம ரயிலா ஓடும்? போடி, போய் வேலையைப் பாரு."

பக்கத்து மெஷின்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுகுக்கண்ணும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு நாள் டப்பா அக்கா அந்தப் பக்கம் போனபோது, அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் சட்டையின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. 'தூங்கிக்கிட்டே வேலை செய்யற மாதிரி நடிக்கிறா பாரேன், கெட்டிக்காரி' என்று டப்பா அக்கா மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை குட்டு உடைந்தது. ஏற்றுமதிக்குப் போன கோடு போட்ட சட்டைகளில் நாற்பது திரும்பி வந்தன. நாற்பதிலும் பாக்கெட்டின் கோடு சட்டையின் கோட்டோடு சேரவில்லை. நாற்பதும் மூன்றாம் மேசையில் பார்த்தவை.

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். "நாற்பது பீஸ்! கண்ணு தெரியாதவங்ககூட கண்டுபிடிச்சிருப்பாங்க. செக்கிங்ல ஒருத்தரை நிறுத்தியே ஆகணும். காரணத்தை எழுதி, பேரைப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கிட்டக் குடுங்க."

டப்பா அக்கா மேசைக்கு வந்து 'காரணம்' கட்டத்தில் எழுதினாள்: செக்கரின் கவனக்குறைவு. அதன் கீழே கழுகுக்கண்ணின் பெயரையும் எழுதினாள். எட்டு வருடத்துப் பழக்கம், எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. கையெழுத்து மட்டும் போடாமல் மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாளே கழுகுக்கண் வந்து அரைநாள் லீவு கேட்டாள். "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில தலைவலி டாக்டரைப் பார்க்கணும்கா. ரெண்டு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி."

டப்பா அக்காவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. உனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டால், கையெழுத்துப் போடும்போது மனசு உறுத்தாது. கையும் களவுமாகப் பிடித்த மாதிரியும் இருக்கும். "நானும் வரேன்" என்றாள்.

கழுகுக்கண்ணின் கண் கலங்கிவிட்டது. "நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைக்கா" என்றாள்.

புதன்கிழமை காலை இருவரும் ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு மேலே 'தலைவலிப் பிரிவு' என்று பலகை தொங்கியது. டப்பா அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "தலைவலிக்குன்னே தனிப் பிரிவா? அப்போ தும்மலுக்கு எந்த மாடி?" என்று கேட்டாள். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. எதிரே மலை மாதிரி ஒரு ஆள், பஸ் டிரைவர் சட்டையோடு, கறுப்புக் கண்ணாடி போட்டு, சுவரில் தலையைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், யாரோ தூரத்தில் கதவைச் சாத்திய சத்தத்துக்கே முகத்தைச் சுளித்தாள். இத்தனை பேரும் சேர்ந்து நடிக்க முடியுமா என்று ஒரு கணம் டப்பா அக்காவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உடனே ஒதுக்கிவிட்டாள்.

உள்ளே ஜன்னல் திரைகள் இழுத்து விடப்பட்டு, மேசை விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. டாக்டர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். பேச்சில் வேகம், ஆனால் கேட்கும்போது அவசரம் இல்லை. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை வலி வருது?" என்று ஆரம்பித்தார்.

கழுகுக்கண் பையிலிருந்து சுருட்டி வைத்த காலண்டரை எடுத்து மேசையில் விரித்தாள். தேதிகளின் மேல் சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன.

"இது என்னம்மா அம்பு?"

"பழுது இருக்கிற இடத்தைக் காட்டறதுக்குக் கம்பெனியில ஒட்டுவோம் டாக்டர். என் தலையிலயும் ஏதோ பழுதுதானே? எந்தெந்த நாள்னு தெரிஞ்சாத்தான எங்க இருந்து வருதுன்னு பார்க்க முடியும்? எங்க அக்கா அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க." அவள் டப்பா அக்காவைப் பெருமையோடு பார்த்தாள்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். அம்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. தூக்கம் இல்லை. காலையில் சாப்பிடவில்லை. தூரம் ஆன நாள். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. ஆறு மாதத்துக்கு முன் ஏழு அம்பு. அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு. போன மாதம் பத்தொன்பது. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு புள்ளியாவது இருந்தது, பலவற்றுக்கு இரண்டு.

"பெரிய படிப்புப் படிச்சவங்ககூட இப்படி ஒரு கணக்கோட வந்ததில்லைம்மா. பாதி வைத்தியத்தை நீங்களே பார்த்துட்டு வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "வலி வர்றதுக்கு முன்னால கண்ணுல ஏதாவது தெரியுமா?"

"ஜிக்ஜாக் தையல் ஓடும் டாக்டர். நடுவுல சின்னதா ஆரம்பிச்சு, பளபளன்னு மின்னிக்கிட்டே ஓரத்துக்குப் போகும். இருபது நிமிஷம் இருக்கும். அது ஓடுற இடத்துல எதுவுமே தெரியாது."

டப்பா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணு முன்னால தையல் ஓடுதுக்கா. ரயிலா ஓடும் என்று தான் கேட்டதும், லைனே சிரித்ததும் காதில் திரும்பக் கேட்டன.

"அந்த இருபது நிமிஷம் வேலையை எப்படிச் செய்வீங்க?"

"கண்ணை மூடிட்டு விரலால பார்ப்பேன். விட்டுப்போன தையல், முடிச்சு, சுருக்கம் எல்லாம் விரலுக்குத் தெரியும். கோடு சேர்ந்திருக்கா இல்லையான்னு மட்டும்..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது விரலுக்குத் தெரியாது டாக்டர்."

நாற்பது சட்டைகளின் கதை அந்த ஒரே வரியில் முடிந்துவிட்டது. 

டாக்டர் இன்னும் பல கேள்விகள் கேட்டார். கை கால் மரத்துப்போகுமா, பேச்சு குளறுமா, திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி வந்திருக்கிறதா என்று கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், முழங்காலைத் தட்டினார். அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டபோது கழுகுக்கண் மெதுவாகச் சொன்னாள்: "நெத்தியில துண்டைக் கட்டிட்டு இருட்டுல படுத்திருப்பாங்க. வீட்டுல எல்லாரும் சோம்பேறின்னு சொல்வாங்க. நானும் சொல்லியிருக்கேன்."

"இது சோம்பேறித்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை. மைக்ரேன். மூளையிலயும் நரம்புலயும் நடக்கிற விஷயம். நிறையக் குடும்பத்துல வழிவழியா வரும். ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்" என்றார் டாக்டர். "முன்னெல்லாம் ரத்தக்குழாய் விரியறதுதான் காரணம்னு நினைச்சோம். அது முழுக்கதை இல்லைன்னு இப்போ தெரியும். வலி கிளம்பும்போது நரம்பு நுனியில ஒரு புரதம் வெளியே வருது. அதுதான் வலியைக் கிளறிவிடுற முக்கியமான ஆள். ஆராய்ச்சி பண்றவங்க வருஷக்கணக்கா ஒவ்வொரு படியாப் பின்னால போய் அதைப் பிடிச்சாங்க. அந்தப் புரதத்தை மறிக்கிற மருந்தே இப்போ வந்தாச்சு."

"அப்போ அவங்களும் லைன்ல மேலே போயிருக்காங்க" என்று டப்பா அக்கா தன்னை அறியாமல் சொன்னாள். எங்கேயோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், முகம் தெரியாத யாரோ சிலர், துணியைத் திட்டாமல் மெஷின் மெஷினாகத் தேடியிருக்கிறார்கள். அவர்களை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். "சரி, இந்தப் புள்ளி எல்லாம் என்ன மாத்திரைம்மா?"

கழுகுக்கண் வாயைத் திறக்கவில்லை. புடவை நுனியைச் சுருட்டினாள். டப்பா அக்காவோ, இந்த இடத்திலாவது தன்னால் உதவ முடிகிறதே என்று எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "இதுதான் டாக்டர். நான்தான் குடுக்கறேன். என் லைன்ல தலைவலின்னு வந்தவங்களுக்கு ஒருநாள்கூட இல்லைன்னு சொன்னதில்லை."

டாக்டர் டப்பாவைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு டப்பா அக்காவைப் பார்த்தார்.

"மைக்ரேன் உங்க டப்பாவுல பிறக்கலை" என்று நிதானமாகச் சொன்னார். "ஆனா ஏழு அம்பு பத்தொன்பது ஆனதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கும்னு நினைக்கிறேன். மைக்ரேன் இருக்கிறவங்க, வலி மாத்திரையை மாசத்துல பத்து பதினஞ்சு நாளைக்கு மேல, மாசக்கணக்கா முழுங்கிக்கிட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிவிடும். மாத்திரை போட வலி, வலிக்கு மாத்திரை, சக்கரம் மாதிரி சுத்தும். அளவோட போட்டா மாத்திரை நல்லதுதான். அளவு மீறினா அதுவே நோய்."

"நான் நல்லதுக்குன்னு நினைச்சு..."

"நல்ல மனசோடதான் குடுத்திருக்கீங்க. இவங்களும் அதனாலதான் உங்க பேரைச் சொல்லாம உட்கார்ந்திருக்காங்க."

அதன்பின் டாக்டர் சொன்னதையெல்லாம் டப்பா அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். டப்பா மாத்திரையை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் வலி இன்னும் கூடும், பயப்படக் கூடாது. தலைவலி வராமல் தடுக்க தினமும் ஒரு மாத்திரை. மீறி வந்தால் மைக்ரேனுக்கென்றே உள்ள வேறொரு மாத்திரை, அதுவும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால், அந்தப் புரதத்தை மறிக்கும் ஊசியை மாதம் ஒன்று போட்டுப் பார்க்கலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, தூக்கம். கழுகுக்கண் ஒரு வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணுல இப்படி வெளிச்சம் ஓடுறவங்களுக்கு அந்த வகை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இன்னைக்கே மகப்பேறு டாக்டரைப் பார்த்து வேற வழிக்கு மாத்திடுங்க. திடீர்னு இடி மாதிரி வலி, கை விழறது, வாய் கோணறதுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம இங்க வந்துடணும்."

வெளியே வந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டப்பா அக்காதான் முதலில் பேசினாள்.

"நான் எதுக்கு உங்கூட வந்தேன் தெரியுமா? நீ பொய் சொல்றேன்னு கண்டுபிடிக்க வந்தேன்டி. வெள்ளிக்கிழமை உன் பேரைக் குடுக்கறதா இருந்தேன். எழுதிக்கூட வச்சுட்டேன்."

கழுகுக்கண் காலண்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "பரவாயில்லைக்கா. நம்பாமகூட என்னோட இங்க வர இதுவரைக்கும் யாரும் இல்லை" என்றாள்.

டப்பா அக்கா அங்கேயே, பஸ் டிரைவர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை அவள் மூன்றாம் மேசையில் போய் உட்கார்ந்தாள். மேலே ட்யூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. சிமிட்டும் வெளிச்சமும் நெருக்கமான கோடுகளும் சிலருக்கு மைக்ரேனைக் கிளப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த லைட்டை மாற்றச் சொல்லிக் கழுகுக்கண் இரண்டு முறை கேட்டது ஞாபகம் வந்தது. பிறகு கழுகுக்கண் பார்த்து முடித்திருந்த ஒரு பண்டலைப் பிரித்தாள். தானும் கண்ணை மூடி விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். இருபது வருட அனுபவம் இருந்தும் அவள் விரலுக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டைக்குள் சம்மட்டி அடித்துக்கொண்டிருக்க, கண்ணில் பாதி மறைந்திருக்க, வாந்தியை அடக்கிக்கொண்டு இந்தப் பெண் இதை எப்படிச் செய்தாள்! கண்ணைத் திறந்து பண்டலில் இருந்த முப்பது சட்டையையும் மறுபடி பார்த்தாள். ஒரு தையல்கூடத் தப்பியிருக்கவில்லை. 'இவளைப்போல ஒரு வேலைக்காரியை இந்தக் கம்பெனி இனிமேல்தான் பெற்றெடுக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள். மேனேஜர் வாங்கிப் படித்தார். 'காரணம்' கட்டத்தில் பழைய வரி அடிக்கப்பட்டிருந்தது. கீழே புதிதாக எழுதியிருந்தது: சூப்பர்வைசர். நோயைச் சொன்னபோது கேலி செய்தது. விசாரிக்காமல் மாத்திரை கொடுத்தது. மூன்றாம் மேசை லைட்டை மாற்றாதது. நிறுத்த வேண்டியவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது.

"என்ன இது? விளையாடறீங்களா?"

"இல்லை சார். ஒரே பழுது ரெண்டு தடவை வந்தா துணியைத் திட்டாதே, லைன்ல மேலே போன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணேன். இந்த ஒரு விஷயத்துல துணியைத்தான் திட்டினேன். இப்போ மேலே போய்ப் பார்த்தேன். நான்தான் நிக்கிறேன்." ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் அவள் சொன்னாள். குரல் வழக்கம்போல உயர, வெளியே நாலைந்து மெஷின்கள் நின்றன. "அவளுக்கு மூணு மாசம் குடுங்க சார். கண்ணுல வெளிச்சம் ஓடுற இருபது நிமிஷம் அவ மேசையில நான் உட்கார்றேன். அப்பவும் சரியாகலைன்னா என்னை நிறுத்துங்க, அவளை நிறுத்தாதீங்க."

மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு மாசம். ஒருநாள்கூட அதிகம் இல்லை" என்றார்.

முதல் மூன்று வாரம் நரகம். டாக்டர் சொன்னபடியே வலி கூடியது. கழுகுக்கண் இரண்டு தடவை, "ஒண்ணே ஒண்ணு குடுங்கக்கா" என்று கை நீட்டிக் கெஞ்சினாள். டப்பா அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கிடங்கின் இருட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், ஆனால் கொடுக்கவில்லை. டப்பா பூட்டிக் கிடப்பதைப் பார்த்து லைனே முணுமுணுத்தது. நாலாவது வாரம் ஒருநாள் கழுகுக்கண் மதியச் சாப்பாட்டின்போது ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில் காலண்டரில் ஐந்தே அம்புகள். நோய் போய்விடவில்லை, போகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அடங்கியிருந்தது, அவ்வளவுதான். புது லைட்டின் கீழே மூன்றாம் மேசையிலிருந்து போன கோடு போட்ட சட்டைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அந்தச் செய்தியைச் சொல்ல டப்பா அக்கா கண்ணாடி அறைக்குப் போனபோது, மேனேஜர் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நல்லதும்மா, நல்லது. உங்க டப்பாவுல ஒண்ணு இருந்தா குடுங்க. காலையில இருந்து மண்டையைப் பிளக்குது. இந்த வாரத்துல இது நாலாவது நாள்."

டப்பா அக்கா டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே மாத்திரை எதுவும் இல்லை. சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள்தான் தாள் தாளாக இருந்தன. ஒரு தாளைக் கிழித்து அவர் மேசைக் காலண்டரின் மேல் வைத்தாள்.

"முதல்ல இந்த வாரத்துக்கு நாலு ஒட்டுங்க சார். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"என்னம்மா, சாதாரணத் தலைவலிக்குப் போயி..."

"நானும் அப்படித்தான் சார் சொல்லிக்கிட்டு இருந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்கு இந்த வயசு வரைக்கும் வரலை, இனிமேலும் வராது. அதுக்காக எனக்குத் தெரியாமலே போயிடணுமா? அடுத்தவங்க வலி நமக்குத் தெரியறதுக்கு அது நமக்கு வரணும்னு அவசியம் இல்லை சார். அவங்க சொல்றப்போ நம்பினாலே போதும்."

மேனேஜர் காலண்டரைப் பக்கத்தில் இழுத்தார். தாளிலிருந்து ஒரு அம்பைப் பிரித்து, தேதியைத் தேடி, கவனமாக ஒட்டினார்.